சுற்றிப் போன சைக்கிள்

"கருந்துளையக் கண்ணால பார்க்க முடியாதும்மா. ஒரு நட்சத்திரம் ஒண்ணுமில்லாத இடத்தைச் சுத்திச் சுத்தி வரும். அதை வச்சுத்தான் நடுவுல என்னமோ இருக்குன்னு கண்டுபிடிக்காங்க."

மகள் சொல்லச் சொல்ல, அப்பாவின் சைக்கிள் செயின் சத்தம் எனக்குக் கேட்டது.

எண்பதுகளில், ஆடிப்பூரத் தேருக்கு ராஜபாளையத்திலிருந்து அப்பாவின் சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். மடவார் வளாகத்தில் சித்தப்பா வீடு. ஊருக்குள் நுழைந்ததும் நேர்த் தெருவில் போனால் ஐந்து நிமிஷம். தெருமுனை வந்ததும் அப்பா ஹேண்டிலைத் திருப்பிவிடுவார். வேர்க்க விறுவிறுக்க ஊரைச் சுற்றி மிதிப்பார்.

"ஏம்ப்பா சுத்திப் போறோம்?"

"அந்த ரோடு சரியில்ல, தாயி."

மற்ற சைக்கிள்களெல்லாம் அதில் ஜோராகப் போய்க்கொண்டிருந்தன.

நான் பெரியவளானபோது, அத்தை முறைக்குத் தண்ணீர் ஊற்ற எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டார்கள்.

"கூடப் பொறந்தவ அம்புட்டுப் பக்கத்துல இருக்கையில..." என்று அம்மா ஆரம்பித்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வேறு சாதியில் கட்டிக்கொண்ட தங்கை அவருக்கு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.

மறு வருஷம் ஒரு மத்தியானம், "ஏறு தாயி" என்றார் அப்பா. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே தெருமுனையில் சைக்கிள் திரும்பவில்லை, நேராகப் போனது. ஒரு வீட்டு வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கிடத்தியிருந்த அத்தைக்கு என் மூக்கு.

"பக்கத்துல போய்ப் பார்த்திருக்கலாமே" என்றேன் மகளிடம், என்னையறியாமல்.

மகள் சிரித்தாள். "கருந்துளைகிட்ட யாராலயும் போக முடியாதும்மா."

எங்களால் முடிந்திருக்கும். ஐந்து நிமிஷ வழிதான்.