ஜெனரேட்டர் போடாத பகல்

எங்கள் பல்கலைக்கழகத் துறையில் காலையில் நாங்கள் முதலில் விசாரிப்பது சுகத்தை அல்ல. "கடல் எப்பிடி?" என்றுதான் கேட்போம். கடல் என்றால் தலைவரின் மனநிலை. அவருடைய அறைக்கு வெளியே இருக்கும் லிகிதர் "அமைதி" என்றால் கோப்பை உள்ளே கொண்டுபோகலாம். "கொந்தளிப்பு" என்றால் திரும்பி வந்து தேநீர் குடிக்கலாம். துறைமுகத்தைப் பார்த்தபடி வேலை செய்கிறவர்களுக்கு வேறு என்ன பாஷை வரும்?

முந்திய தலைவர் காலத்தில் இந்தக் கதை இல்லை. "முதல்ல செய்யுங்கோ, பிறகு சொல்லுங்கோ" என்பார். பிழைத்தால் ஏசுவார், அத்தோடு மறந்துவிடுவார். புதியவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்கு எங்களுக்கு முந்தி வந்து பிந்திப் போகிறவர். ஆனால் வந்த புதிதில், பாதையில் முறிந்து விழுந்த வேப்பங்கொப்பை வெட்டி அகற்றிய தோட்டப் பணியாளரைக் கூட்டத்தில் எழுப்பி, "ஆரைக் கேட்டு வெட்டினனீர்?" என்றார். அந்த மனிதர் கைகட்டி நின்றதை எல்லோரும் பார்த்தோம். அதன்பிறகு எங்களில் ஒருவரும் கேட்காமல் ஒரு ஜன்னலைக்கூடத் திறந்ததில்லை.

நான் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். போன மாரியில் ஒருநாள் காலை மின்சாரம் நின்றது. உறைபெட்டிக்குள் கிண்ணியாவிலிருந்து வரும் தற்காலிக விரிவுரையாளர் பெண் ஒருவரின் மட்டிச் சதை மாதிரிகள் இருந்தன. தம்பலகாமக் குடாவில் இரண்டு பருவம் சேற்றில் இறங்கி அவர் சேர்த்தவை. அவருடைய பட்டமும் நிரந்தர வேலையும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தன. ஜெனரேட்டர் சுவருக்கு அப்பால் நின்றது, அதை இயக்கும் திறப்பு என் மேசையில் இருந்தது. தன்னைக் கேட்காமல் அதைப் போடக்கூடாது என்பது தலைவரின் கட்டளை. அவரோ கொழும்பில், கூட்டத்தில், போனை நிறுத்திவிட்டு இருந்தார்.

"அண்ணன், போடுங்களேன். நான் பொறுப்பு," என்றார் அந்தப் பெண்.

அவரே தற்காலிகம், அவருடைய பொறுப்பை யார் கணக்கெடுப்பார்? தலைவர் இல்லாத நாளில் அவர் இடத்தைப் பார்க்கும் பதில் தலைவரிடம் ஓடினேன்.

"சேரிட்ட கேட்டனீரோ?"

"போன் வேலை செய்யேல்லை, சேர்."

"அப்ப அவர் எடுக்கும்வரை பொறும்."

என் பதவி உயர்வும் தலைவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. திறப்பைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். மத்தியானம் பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. அந்தப் பெண் குந்தியிருந்து துணியால் ஒற்றி எடுத்தபடியே இருந்தார். என்னை ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மின்சாரம் வந்தபோது எல்லாம் கெட்டுப்போயிருந்தது.

மறுநாள் தலைவர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "இதுக்கெல்லாம் என்னைக் கேக்கோணுமோ? உங்களுக்குச் சொந்தமா ஒண்டும் யோசிக்க ஏலாதோ?"

உண்மையாகவே திகைத்துப்போய்க் கேட்டார், நடிப்பே இல்லை. அவருக்கு என்னத்தைச் சொல்லி விளங்கப்படுத்துவது?

அவர் போனபின் அந்தப் பெண் பைகளை ஒவ்வொன்றாக வாளிக்குள் போட்டார்.

"அண்ணன், இதுகளைப் பின்வளவுல கிடங்கு வெட்டிப் புதைச்சிருவமா?"

"கொஞ்சம் பொறுங்கோ, மிஸ்," என்றேன். "சேரிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாறன்."