படத்தில் நின்ற லோரி

முனியாண்டியின் கால் போனதற்கு நான்தான் காரணம்.

எண்பதுகளில் தேயிலைத் தோட்டப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். அவர் கொழுந்து லோரியில் வேலை செய்தார். இருவருக்கும் ஜப்பானியச் சித்திரக்கதைப் பைத்தியம்.

ஒரு கதையில் நாயகன் சரிவில் உருண்ட லோரியைக் கையால் நிறுத்தினான்.

“பேய் பலம் லா!” என்றார்.

“மண்ணாங்கட்டி! சரிவு கம்மி. கணக்குப் போட்டுட்டேன், நீங்களே நிறுத்தலாம்.”

சில நாளில் அவருடைய லோரி பிரேக் பிடிக்காமல் நகர்ந்தது. எல்லாரும் விலக, அவர் மட்டும் முன்னே போய்க் கையூன்றி நின்றார். நான் கணக்குப் போட்டது வெறும் லோரிக்கு. இதில் ஈரக் கொழுந்து நிறைந்திருந்தது.

மருத்துவமனையில் மன்னிப்புக் கேட்டு அழுதேன். புதிய கதையொன்றை வாங்கிப்போய்ப் படித்துக் காட்டினேன். அதில் நாயகன் பாறையைத் தூக்கினான்.

“இதுக்கும் கணக்குப் போடுங்க, வாத்தியாரே.”

புத்தகத்தை மூடினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சாகும்வரை என்னோடு பேசவில்லை.