ஒரே சஹனில் சாதிக் பாட்சாவின் பங்கு

கோட்டைப்பட்டினம் சாதிக் பாட்சா என் சின்னம்மா மகள் மாஹிராவின் கணவர். கல்யாணத்தன்று சட்டை தொளதொளவென்று இருந்ததால் பின்பக்கம் ஊக்குக் குத்தி உட்கார வைத்தோம். மீன் லாரி ஓட்டி, உட்கார்ந்தே காலம் போய், ஐம்பத்தெட்டு வயதில் நூற்றுப் பதினாறு கிலோ.

யாராவது கேலி செய்தால் அவரே முதலில் சிரிப்பார். வலது முழங்கால் மடங்காமல் போன பிறகுதான் சிரிப்பு குறைந்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்க முடியவில்லை. அண்ணன் முகமது ரபீக்கும் தம்பி ஹாஜா முகைதீனும் முன்வரிசையில் தோள் ஒட்டி நிற்க, இவர் கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக இருப்பார். அது அவர் மனதை அரித்தது.

மணமேல்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர், "பதினஞ்சு கிலோ கொறைங்க. அப்புறம் ஆபரேஷன் வேணுமான்னு பாப்போம்" என்றார்.

நர்ஸ் பிரகதீஸ்வரி நோட்டை விரித்தார். "மத்தியானம் எத்தனை கரண்டி சோறு?"

"தெரியாதும்மா."

"சாப்புடுற ஒங்களுக்கே தெரியாதா?"

நிஜமாகவே தெரியாது. அண்ணன் தம்பி மூன்று பேரும் சிறுவயது முதல் ஒரே சஹனில், அந்தப் பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். யார் பங்கு எங்கே முடிகிறதென்று எவர் பார்த்தார்கள்?

"அப்ப இன்னையிலேருந்து தனித்தட்டு" என்றார் நர்ஸ்.

மாஹிரா தட்டு வைத்தாள். ரபீக் முகம் சுருங்கியது.

"சோத்துல பங்கு பிரிச்சிட்டியா? நாளைக்கு நடுவுல சுவரும் வைப்பியாக்கும்?"

"நர்ஸம்மாதான் சொன்னாங்கண்ணே" என்றார் சாதிக்.

"அந்தப் புள்ளைக்கு நம்ம வீட்டுல என்ன வேலை?" என்று ரபீக் கை கழுவாமலே எழுந்து போனார். மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் சாதிக் தட்டைக் கவிழ்த்துவிட்டு மறுபடி சஹனில் உட்கார்ந்தார். அடுத்த மாதம் ஒரு கிலோ கூடியிருந்தது.

பிரகதீஸ்வரி திட்டவில்லை. "அண்ணனைக் கூட்டிட்டு வாங்க" என்றார். ரபீக் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"இவரு பக்கம் கறியத் தள்ளுறது யாரு?"

"நான்தான். சின்னதுல எலும்புந்தோலுமா கெடந்த புள்ளம்மா."

"சஹனை எடுக்க வேணாம். தள்ளுறத மாத்துங்க. ரெண்டு கரண்டி சோறு, மிச்சமெல்லாம் கீரை, வெள்ளரிக்கா, மீன்."

மறுநாள் ரபீக்கே சஹனில் விரலால் ஒரு கோடு கிழித்தார். வெள்ளரிக்காயைச் சாதிக் பக்கம் ஒதுக்கினார். சாதிக்கின் கை கொஞ்சம் நகர்ந்தால் போதும், "எல்லை தாண்டுனா இலங்கை நேவி புடிக்கும்ண்ணே!" என்று ஹாஜா முகைதீன் கத்துவார். காலையில் மூவரும் கடற்கரையோரம் நடந்தார்கள். நர்ஸ் சொல்லிக்கொடுத்த கால் பயிற்சியையும் சாதிக் விடவில்லை.

பதினான்கு மாதத்தில் எடை நூறு கிலோவுக்கு இறங்கியது. கால் மடங்க ஆரம்பித்துவிட்டது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். அந்த வெள்ளிக்கிழமை நாற்காலி பள்ளிவாசல் சுவரோரம் சும்மா கிடந்தது. அண்ணன் தம்பிக்கு நடுவில் நின்று, மெல்லக் குனிந்து, சாதிக் நெற்றியைத் தரையில் வைத்தார். எழுந்தபோது முழங்கால் படக்கென்று சத்தமிட்டது நாலு வரிசைக்குக் கேட்டதாம்.

மத்தியானம் ரபீக் மனசு கேளாமல் நல்ல கறித்துண்டு ஒன்றைக் கோட்டைத் தாண்டித் தம்பி சாதிக் பக்கம் நகர்த்தினார். சாதிக் அதை விரலால் திருப்பித் தள்ளினார்.

"எல்லை, அண்ணே."