ஆதாமுக்கு இடம் தேடிய இன்னாசிராஜ்

இன்னாசிராஜ் திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் அருங்காட்சியக உதவியாளராகப் பணியாற்றினார். எலும்புக்கூடுகளைத் தூசு தட்டுவதும், சீசாக்களில் திரவம் குறையாமல் பார்ப்பதும், ஒவ்வொரு பொருளின் கீழும் எண்ணும் பெயரும் எழுதிய சீட்டை ஒட்டுவதும் அவர் வேலை. சீட்டு இல்லாத பொருளை அவர் அலமாரியில் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கே.கே. நகர்க் கத்தோலிக்கக் கோவிலில் முதல் பூசைக்கு முன்வரிசையில் இருப்பார். கல்லூரியில் அவரிடம் கேட்டது சுத்தம். கோவிலில் கேட்டது செபம். இரண்டையும் சேர்த்து யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஓய்வு பெறும் நாளன்று, துறையில் கழித்துக்கட்டிய சில சாந்துப் பொம்மைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மீன், தவளை, ஓணான், மூஞ்சூறு. அவற்றுக்குப் பின் கூனியும் நிமிர்ந்தும் நிற்கும் நான்கு மனிதச் சாயல் உருவங்கள். அவற்றை அவர் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அந்த டிசம்பரில் பங்குக் கோவிலின் கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு ‘படைப்பு முதல் பாலன் வரை’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். பங்கிலுள்ள குடும்பங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து அன்பியம் என்று அழைப்பது வழக்கம். ஒவ்வோர் அன்பியமும் ஒரு குடில் அமைக்க வேண்டும். இன்னாசிராஜின் அன்பியம் முந்தைய ஆண்டு முதல் பரிசு பெற்றது. எனவே குடில் மறுபடியும் அவர் வீட்டு முகப்பிலேயே எழுந்தது.

அவர் வரிசையாக அடுக்கினார். ஒன்று முதல் நான்கு வரை விலங்குகள். ஐந்தாவதாக அந்த நான்கு உருவங்கள் ஒரு கூட்டமாக. ஆறாவதாக, கோவில் பெட்டியிலிருந்து வந்த ஆதாமும் ஏவாளும். பிறகு நோவா, ஆபிரகாம், தாவீது. கடைசியில் மாட்டுக்கொட்டில்.

அவர் மனைவி பாக்கியமேரி இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

“ஆதாமோட அப்பா அம்மா யாருன்னு யாராவது கேட்டா இந்தக் குரங்கைக் காட்டுவீங்களா?”

“குரங்கு இல்ல மேரி.”

“உங்களுக்கு இல்ல. பாக்கிறவங்களுக்கு?”

அவர் ஆதாமைத் தூக்கி மீனுக்கு முன்னால் வைத்தார். முப்பத்திரண்டு ஆண்டுப் பழக்கமுள்ள கண் அதை ஏற்கவில்லை. மறுபடி பின்னால் வைத்தார். அப்போது நெஞ்சு ஏற்கவில்லை. மூன்று நாட்களில் ஆதாம் பதினொரு முறை இடம் மாறினான். அவரைக் கலக்கியது பரிசு அன்று. ஆதாம் முதல் மனிதன் அல்லன் என்றால் முதல் பாவம் யாருடையது? முதல் பாவம் இல்லையென்றால், வரிசையின் கடைசியில் வைக்கோலில் படுத்திருக்கும் பாலன் இயேசு எதற்காக வந்தார்? அறுபது வயது வரை சொன்ன செபமெல்லாம் இந்த ஒரு பொம்மையின் இடத்தைப் பொறுத்தது என அவருக்குப் பட்டது.

பங்குத்தந்தை ஸ்டீபன்ராஜிடம் போனார்.

“உடம்பு அப்படி வந்திருக்கலாம் இன்னாசி. திருச்சபை அதை மறுக்கல. ஆன்மாவைக் கடவுள் நேரா தர்றார், அவ்வளவுதான்.”

“சரிங்க சாமி. ஆன்மா கெடைச்ச மொத ஆளு சாயங்காலம் எங்க போயிருப்பான்? அம்மாகிட்டதானே? அவளுக்கு ஆன்மா இல்லையே. அவ செத்தப்போ அவன் அவளுக்காக என்னன்னு வேண்டியிருப்பான்?”

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாமியாராகக் குருமடத்துல படிச்சப்போகூட இதை யாரும் என்கிட்ட கேக்கல. நீங்களும் நடுவர் முன்னாடி கேட்டுடாதீங்க.”

மறுநாள் அவர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற அரவிந்தன் அங்கே இருக்கிறார்.

“எங்காத்துக் கொலுவுல மச்சம், கூர்மம், வராகம்னு வரிசையாவே இருக்கு இன்னாசி. எங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது.”

“அதுல ஒண்ணு இன்னொண்ணைப் பெத்ததா சார்?”

“இல்ல. எல்லாம் ஒருத்தர்தான்.”

“அப்ப உங்ககிட்டயும் பதில் இல்ல.”

அரவிந்தன் சிரித்தார். பிறகு பாடம் நடத்தும் குரலில் சொன்னார்: “முதல் மனுஷன்னு ஒருத்தனை விரல் நீட்டிக் காட்ட முடியாது. எந்தக் காலத்துலயும் எந்த அம்மாவும் வேற இனத்துக் குழந்தையைப் பெத்ததில்ல. ஒவ்வொண்ணும் அம்மா மாதிரியேதான் இருந்திருக்கும்.”

இன்னாசிராஜ் தெளிவு தேடிப் போனார். இரட்டைக் குழப்பத்தோடு திரும்பினார். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது, முன் இருக்கையில் ஒருத்தி மடியில் குழந்தையோடு உறங்கிக்கொண்டிருந்தாள். வீடு வரும்வரை அவர் அந்த மடியையே நினைத்திருந்தார்.

அன்று மாலையே காகிதக் கூழில் ஓர் உருவம் செய்தார். நெற்றி தாழ்ந்த, தாடை நீண்ட ஒரு தாய். மடியில் ஒரு சிசு. ஆதாம் ஏவாள் பொம்மைகளைப் பெட்டிக்கே அனுப்பிவிட்டு, ஆறாம் இடத்தில் இதை வைத்தார். சீட்டில் ‘எண் 6’ என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

பாக்கியமேரி வந்து பார்த்தார். குரங்கு என்று சொல்வார் என அவர் காத்திருந்தார்.

“பிள்ளையை இப்படியா வைப்பாங்க? தலை தொங்குது பாருங்க,” என்றார் பாக்கியமேரி. கூழ் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தத் தாயின் கையை மெல்ல வளைத்துச் சிசுவின் பிடரிக்குக் கீழே கொடுத்தார்.

இருபத்து நான்காம் தேதி பிற்பகலில் நடுவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர், கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தரும் ஆசிரியை பிரான்சி. அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து வந்து ஆறாவதில் நின்றார்.

“ஆதாம் ஏவாள் எங்கண்ணே?”

“இந்தப் பிள்ளை ஆதாமா இருக்கலாம்மா. ஆதாமோட அம்மாவாவும் இருக்கலாம். எனக்குத் தெரியல.”

“அப்ப பாவம் எங்க ஆரம்பிச்சது?”

“அதைத்தான் பத்து நாளா நானும் தேடுறேன்.”

பிரான்சி ஏதோ குறித்துக்கொண்டார். அந்த அன்பியத்துக்கு அவ்வாண்டு ஆறுதல் பரிசுகூட இல்லை. “ஒரு பேரு எழுதியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?” என்று பக்கத்து வீட்டு அற்புதசாமி பொங்கல்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜனவரி தொடக்கத்தில் மூவரசர் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்தார்கள். இரண்டு அட்டைப்பெட்டிகள். ஒன்றில் ‘கோவில்’ என்றும் மற்றதில் ‘கல்லூரி’ என்றும் எழுதியிருந்தது. எல்லாப் பொருள்களும் தத்தம் பெட்டிக்குப் போயின. ஆறாம் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இன்னாசிராஜ் நெடுநேரம் நின்றார். ஒரு பெட்டியில் வைத்தார், எடுத்தார். மற்றதில் வைத்தார், எடுத்தார்.

“கீழ போட்டுடாதீங்க,” என்று சொல்லிப் பாக்கியமேரி அதை வாங்கி டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார்.

அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. செபமாலை சொல்ல உட்காரும்போது எதிரே தெரியும் இடம் அது. செபமாலையின் தொடக்கத்தில் சொல்லும் விசுவாச அறிக்கையில், விண்ணையும் மண்ணையும் ‘படைத்த’ என்ற சொல் வந்ததும் இன்னாசிராஜின் குரல் நின்றுவிடுகிறது. பாக்கியமேரி காத்திருப்பதில்லை. அவர் இரண்டு வரி முன்னே போன பிறகு, இவர் விட்ட இடத்தைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துகொள்கிறார்.