பால் டின்னில் எழுதியிருந்த சொல்

வியாகுலம்மாள் ராயபுரத்தில் ஒரு தாய் சேய் நல நிலையத்தில் ஆயாவாக இருந்தாள். துறைமுகத்தில் மூட்டை சரிந்து புருஷன் செத்த பிறகு கிடைத்த வேலை. காலை ஏழு மணிக்கு வெந்நீர் போட்டு, கப்பலில் வந்த பால் பவுடரைக் கட்டி தட்டாமல் கரைத்து, வரிசையில் நிற்கும் பெண்களுக்கு ஊற்றுவாள். பதினோரு மணிக்கெல்லாம் முழங்கால் இரண்டும் கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம். வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் சாபிரா இடுப்பில் மகன் ரஹீமோடு நின்றாள். பிள்ளைக்கு ஒன்றரை வயது, இன்னும் நடக்கவில்லை.

"டின்னு மேல இன்னாக்கா எய்திக்கீது?"

வியாகுலம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. உள்ளே போய் டாக்டரம்மாவைக் கேட்டாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு நன்கொடை" என்றாள்.

வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். வியாகுலம்மாள் சுருக்கமாகச் சொன்னாள்: "வளராதவங்களுக்குக் குடுக்கறதாம்."

சாபிரா பிள்ளையின் கால்களை முந்தானையால் மூடினாள். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

நாலாம் நாள், வேலை முடிந்ததும் டாக்டரம்மாவிடம் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டு வியாகுலம்மாள் அவள் வீட்டைத் தேடி நடந்தாள்.

"அந்த வார்த்த ஒம் புள்ளயச் சொல்லல சாபிரா. நாட்டச் சொல்றது. மில்லு, மிஷினு இல்லாத நாட்ட அப்டித்தான் சொல்வாங்களாம்."

"இங்க மில்லு இல்லியா? அந்த சத்தத்துல புள்ள தூங்கறதே இல்ல."

"அது பத்தாதாம்."

"நாடு வளரலன்னா பாலு டின்னுல இன்னாத்துக்கு எய்தணும்? குடிக்கறது புள்ளைங்கதானே?"

வியாகுலம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கும் தெரியல. அவசரத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். புள்ளைக்குப் பால நிறுத்தாதம்மா."

சாபிரா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் வந்தாள், வரிசையில் கடைசியாக நின்றாள்.

இரண்டு வயது தாண்டி ரஹீம் நடந்தான். ஒல்லிதான், ஆனால் ஓடினான்.

ஐம்பத்தெட்டில் மேலதிகாரி ஒருவர் நிலையத்துக்கு வந்து பேசினார். "வளர்ச்சி குன்றிய நாடு என்று இனிச் சொல்ல வேண்டாம். வளர்ந்து வரும் நாடு என்றுதான் சொல்ல வேண்டும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த கைக்குழந்தையோடு நின்றிருந்த சாபிரா வியாகுலம்மாளிடம் மெதுவாகக் கேட்டாள்:

"இது யாரச் சொல்றது, அக்கா?"

"நம்மளத்தான்."

"இது பரவால்ல. கேக்க நல்லாக்கீது."

வியாகுலம்மாளுக்கும் அப்படித்தான் பட்டது. முன்னையதைவிட இது மனசை நோகடிக்காத சொல். ஆனால் சந்தோஷப்பட நேரமில்லை. வரிசை வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் போயிருந்தது. அன்று இரண்டு டின் கூடுதலாகக் கரைக்க வேண்டியிருந்தது.