மலைக்குப் போனவரைக் கூட்டிவரப் போனது

அந்தத் தியான மையத்தின் இணையப் பக்கத்தில் 'எப்படி வருவது' என்று ஒரு பகுதி இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பொதுப் போக்குவரத்தில் வருவது எளிது, பயணத்தையே தியானத்தின் முதல் படியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அதை எழுதிய புண்ணியவான் காரில் போய் இறங்கியவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் வீட்டுக்காரர் அங்கே போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவர். பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வீட்டிலும் அதே குரலில்தான் தண்ணீர் கேட்பார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்து டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் கிளம்பும்போது எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாரோ, சாயங்காலம் திரும்பும்போதும் அதே பக்கம்தான் சாய்ந்திருப்பார்.

கூட வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லித்தான் வால்பாறைக்கு மேலே இருக்கும் இந்த இடத்துக்குப் போனார். சாமியார் கிடையாது, கோயில் கிடையாது. காலையில் எழுந்து பேசாமல் உட்கார வேண்டும், சாயங்காலமும் பேசாமல் உட்கார வேண்டும், நடுவில் தோட்ட வேலை. பேசாமல் உட்காருவதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும், அதைத்தானே வீட்டிலேயே செய்துகொண்டிருந்தார் என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருக்கும் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிடுவார். ஒரு வாரம் முடிந்ததும் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டு வாரேன் அம்மணி" என்றார். சரி என்றேன். அடுத்தடுத்த வாரங்களில் எப்போது வருகிறீர்கள் என்று நானாகக் கேட்க வேண்டியதாயிற்று. "பாக்கலாம்" என்றார்.

இந்தப் 'பாக்கலாம்' என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜாதகம் வாங்கிப் போனவர்கள் 'பாக்கலாமுங்க' என்று சொல்லி அனுப்பினால் பெண் வீட்டார் அன்றைக்கே வேறு வரன் தேட ஆரம்பித்துவிடுவார்கள். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராத ஊர் எங்கள் ஊர். கம்பெனியில் லீவு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையும் அதுதான். அந்த வார்த்தை இப்போது எனக்கே வந்திருந்தது. இரண்டாவது முறையும் அதையே சொன்னார். நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வருவதாக இருந்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். வரமாட்டேன் என்றால் அதையும் அவர் வாயாலேயே சொல்லட்டும். பக்கத்து வீட்டில் "சார் இன்னும் வரலீங்களா" என்று கேட்கும்போதெல்லாம் தெரிந்த மாதிரி ஒரு பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலையில் நேரமே கிளம்பினேன். பீளமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் உக்கடம், உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ். அதுவரைக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிணத்துக்கடவு தாண்டியதும் நன்றாகத் தூங்கியும் விட்டேன்.

பொள்ளாச்சியில் இறங்கி, வால்பாறை பஸ் எங்கே நிற்கும் என்று பூக்காரம்மாவிடம் கேட்டேன். "அக்கட்டால போயி நில்லுங்க, இப்ப வந்துருமுங்க" என்றார். அங்கே போய் நின்றேன். வரவில்லை. பழக்கடைக்காரரிடம் கேட்டேன். "அங்கத்தால போயி நில்லுங்க, இப்ப வந்துருமுங்க" என்று வேறொரு மூலையைக் காட்டினார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் அதே மரியாதையோடு மூன்றாவது இடத்தைக் காட்டினார். தெரியாது என்று சொல்வதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்களிடம் வழி கேட்டது என் தப்பு. கடைசியில் ஒரு பஸ் இவர்கள் யாரும் காட்டாத இடத்தில் வந்து நின்றது. போர்டைப் படித்துவிட்டு ஓடிப்போய் ஏறினேன்.

பக்கத்தில் என் வயதுள்ள ஒரு அம்மா உட்கார்ந்தார். மடியில் ஒரு கட்டு முருங்கைக்காய். வால்பாறையில் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறாராம். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க ஆரூட்டுக்குங்க?"

"எங்கூட்டுக்காரரு மேல இருக்காருங்க. பாக்கப் போறேன்."

"எஸ்டேட்டுல வேலைங்களா?"

"இல்லீங்க. தியானம் பண்றாரு."

அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். முருங்கைக்காயை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றி வைத்தார்.

"உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டைங்களா?"

"சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"சண்டைன்னாக்கூடப் பரவால்லீங்க. சமாதானம் பண்ணிக் கூட்டியாந்தரலாம்."

அந்த அம்மா சொன்னது நியாயம்தான் என்று பட்டது. சண்டை போட்டிருந்தால் எங்கே ஆரம்பித்தது என்றாவது தெரிந்திருக்கும். ஆழியாறு செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். வனத்துறை ஆள் ஏறி, என்னுடைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு இறங்கினார். பேச்சை மாற்ற அது உதவியாக இருந்தது.

வளைவுகள் ஆரம்பித்ததும் பேச்சு தானாக நின்றது. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள், இன்னும் எத்தனை பாக்கி என்று வயிறு கலங்குகிறவர்கள் தெரிந்துகொள்வதற்கு. முன் சீட்டில் ஒருத்தர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். அந்த அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். கீழே அணை சின்னதாகத் தெரிந்தது. இந்த மனுஷன் மோட்டார் கம்பெனி டூருக்குக்கூட வளைவுக்குப் பயந்து ஊட்டி வராதவர் ஆயிற்றே, எப்படி இந்த வழியில் வந்தார் என்று நினைத்துக்கொண்டேன். எப்படியோ வந்திருக்கிறார். வருவதற்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது.

வால்பாறையில் தூறல். அந்த அம்மா இறங்கும்போது என் கையைப் பிடித்து, "கூட்டியாந்துருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு டீ குடித்துவிட்டு எஸ்டேட் பஸ்ஸில் ஏறினேன். இலை பறிக்கிறவர்கள், ரேஷன் மூட்டைகள், ஒரு கேஸ் சிலிண்டர். கண்டக்டர் பொள்ளாச்சிக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. மையத்தின் பெயரைச் சொன்னதும் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்.

"உங்களை எறக்கிப்போட்டு நாங்க மேல கடைசி எஸ்டேட் வரைக்கும் போயி, சாப்டுட்டுத் திரும்பி வருவோமுங்க. வாரப்ப ஹாரன் அடிக்கறேன். ரோட்டுக்கு வந்துருங்க. அதை உட்டுட்டீங்கன்னா நாளைக்குத்தானுங்க."

"ரெண்டு பேரா வந்தாலும் வருவோமுங்க" என்றேன். ஏன் அவரிடம் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அதுக்கென்னுங்க, எடம் இருக்குது" என்றார்.

ஆக, அவர்கள் சாப்பிட்டுத் திரும்பும் நேரம்தான் எனக்கு. இறங்கிய இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே மண் பாதை மேலே ஏறியது. சிறுத்தை நடமாடும் இடம், தனியாகப் போகாதீர்கள் என்று ஒரு போர்டு வைத்திருந்தார்கள். தனியாகப் போகிறவளிடம் இதை இந்த இடத்தில் வந்து சொன்னால் என்ன செய்வது? சத்தமாக இருமிக்கொண்டே நடந்தேன்.

மேலே பழைய எஸ்டேட் பங்களா. சுத்தமாக இருந்தது. முன்னறையில் இருந்த பெண் நான் யாரென்று கேட்டுவிட்டு, "அண்ணா தோட்டத்துல இருக்காங்க, வரச் சொல்றேன்" என்று சொல்லி ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள். வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவர் கையில் மண்ணோடு வந்தார். தாடி விட்டிருந்தார். வயிறு வற்றியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது, நடையில் ஒரு வேகம் இருந்தது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று இரண்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். அவர் நன்றாக இருந்தார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைப் பார்த்ததும் நின்று, மண் கையைக் குவித்துக் கும்பிட்டு, "வாங்க" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நாங்கள் எல்லாருக்கும் 'ங்க' போடுகிறவர்கள். காய்காரருக்கு, கண்டக்டருக்கு, தவழுகிற குழந்தைக்கும்கூட. அதனாலேயே 'ங்க' இல்லாமல் ஒருவர் நம்மோடு பேசினால் அவர் நமக்கு அவ்வளவு நெருக்கம் என்று அர்த்தம். கல்யாணம் ஆன மறுநாளிலிருந்து எனக்கு அவர் 'நீங்க', அவருக்கு நான் 'நீ'. கோபம் வந்தால் அவர் 'போடி' என்பார். நான் எத்தனை கோபத்திலும் 'போங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் அவருக்கு மயக்கம் தெளிந்தபோதுகூட "ஏனம்மணி, சாப்டியா" என்றுதான் கேட்டார். அவர் வாயிலிருந்து எனக்கு ஒரு 'வாங்க' வந்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வருகிற விருந்தாளியை வாசலில் நின்று கூப்பிடுவோமே, அந்த 'வாங்க'.

"பஸ்ஸுல கூட்டமுங்களா?" என்று கேட்டார்.

"என்னங்க இது புதுசா, வாங்க போங்கன்னு?"

"இங்க எல்லாரையும் அப்படித்தானுங்க கூப்படறது. பழகிப் போச்சுங்க."

"நானும் எல்லாரும் ஒண்ணுங்களா?"

அவர் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். நடுவில் இன்னும் ஒரு ஆள் உட்காரலாம். மகளைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். மோட்டார் ரூம் பூட்டு சரியாகிவிட்டதா என்று கேட்டார், ஆகிவிட்டது என்றேன். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு 'ங்க' வந்தது. ஒவ்வொன்றும் காதில் தனியாக விழுந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

"ஊட்டுக்கு வாரீங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

கையிலிருந்த மண்ணைத் தேய்த்து உதிர்த்தார். "இங்க தூக்கம் வருதுங்க" என்றார். "அங்க வந்தா மறுபடியும் அந்தச் சோபாதானுங்க."

"சோபாவத் தூக்கி வெளிய போட்டறலாம்."

அதற்குச் சிரித்தார். பழைய சிரிப்புதான், ஃபோர்மேன் சிரிப்பு. உள்ளே யாரோ ஒரு கதவை மெதுவாகச் சாத்தினார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம், வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"பிரச்சனை சோபா இல்லீங்க" என்றார். உதிர்ந்து கிடந்த மண்ணைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு, "நான் வரலீங்க" என்றார்.

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். மலையேறி வந்து கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் போலிருக்கிறது. என் மேல் ஏதாவது குறையா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இல்லீங்க என்பார். அதுவும் உண்மையாகவே இருந்துவிட்டால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. அழுகை வரும் என்று பயந்தேன், அதுவும் வரவில்லை. பையிலிருந்து அவருடைய பிரஷர் மாத்திரைகளை எடுத்து பெஞ்சில் வைத்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொன்னேன். அவருக்கே தெரிந்த விஷயம்தான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஹாரன் சத்தம் கேட்டது. எழுந்தேன். அவரும் கூடவே ரோடு வரைக்கும் இறங்கி வந்தார். வழுக்கும் இடங்களில், "பாத்துங்க, பாத்துங்க" என்றார். கையைப் பிடிக்கவில்லை. வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை. பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் பின்படியிலிருந்து கொஞ்சம் நகர்ந்து இரண்டு பேருக்கும் வழி விட்டார்.

அவர் ரோட்டோரத்திலேயே நின்று, வந்தபோது கும்பிட்ட மாதிரியே கையைக் குவித்தார்.

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றார்.

நான் படியில் ஏறித் திரும்பினேன்.

"நீ இரு" என்றேன். "நான் போறேன்."