பூட்டிய வீட்டுக்குத் தண்ணீர்

நான் வார்டு மெம்பராக இருந்தபோது எங்கள் வார்டுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். ஊருக்குச் செய்தித்தாள் அதுதான். காலையில் பால் காய்வதற்குள் அன்றைய செய்திகளைப் போட்டுவிடுவேன். எந்தப் பக்கம் கரண்ட் இருக்காது, ரேஷன் கடை திறக்குமா, நாய்களுக்கு ஊசி போடும் முகாம் எந்தப் பள்ளிக்கூடத்தில், யார் வீட்டில் சாவு, எப்போது எடுக்கிறார்கள். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து மலையாளத்தில் வருவதைத் தமிழாக்கிப் போடுவதும் என் வேலை. கோடை வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் போய்விடும். தண்ணீர் லாரி இன்றைக்கு எங்கே வருகிறது என்பது ஒன்றுதான் செய்தி.

கேரளாவில், பாலக்காட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் வடகரப்பதிப் பக்கம் அந்த வருஷம் போர்வெல்கள் வரிசையாகக் காற்றைத் துப்பின. தென்னை மட்டைகள் மரத்திலேயே காய்ந்து தொங்கின. ரோட்டோரம் முழுக்க நீல டிரம்களும் குடங்களும் நின்றன. லாரி வரும் நாளில் பெண்கள் வேலைக்குப் போக மாட்டார்கள். லாரி வராவிட்டால் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

அப்படி ஒரு நாள் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. வார்டின் கடைசி வளைவில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் குரல். புருஷன் இறந்தபின் இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு பிழைக்கிறவர். எழுத வராது, எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவார்.

"ஏனுங்க மெம்பரே, நாங்க ரண்டு கொடத்துக்கு வெயில்ல நிக்கறோம். ஆளே இல்லாத ஊட்டுக்கு டிரம் நெறையத் தண்ணி ஊத்திட்டுப் போறாங்க. இது என்ன ஞாயமுங்க?"

எந்த வீடு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டுக்கு அடுத்த தோட்டத்தில் ஒரு ஓட்டு வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கு முந்தைய கோடையில் அந்த வீட்டுப் பெண், எங்கள் பக்கத்துச் சித்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவள், கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போய்க் கைப்பிடிச் சுவர் சரிந்து உள்ளே விழுந்துவிட்டாள். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லாத கிணறு. பாறையில்தான் விழுந்தாள். தீயணைப்புக்காரர்கள் வலை போட்டுத் தூக்கியபோது உயிர் இருந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டது. கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். பெற்றவர்கள் இருவரும் ஏறியதும் ஆம்புலன்ஸ் கிளம்பிய தூசிதான் எனக்கு ஞாபகம். காரியம் முடிந்த கையோடு தாயும் தகப்பனும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டார்கள். தகப்பன் அங்கே ஒரு தேங்காய்க் களத்தில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன்.

லாரி டிரைவரிடம் விசாரித்தேன். மேற்கே இருந்து வருகிற மலையாளி. தமிழ் பாதி, மலையாளம் பாதியாகப் பேசுவார். கேட்டுக்கு வெளியே டிரம் இருக்கிறது, ஊற்றுகிறேன், அடுத்த முறை வரும்போது காலியாக இருக்கிறது, அப்படியானால் யாரோ எடுக்கிறார்கள்தானே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பக்கத்தில் யாரோ சாமர்த்தியமாக இரண்டாவது டிரம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இனி அந்த டிரம்மை விட்டுவிடுங்கள் என்று அவரிடம் சொல்ல இருந்தேன்.

அதற்குள் எருமைக்காரப் பெண்மணியே என் வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்தே வந்திருந்தார். தண்ணீரை நிறுத்த வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். காபி கொடுத்து உட்கார வைத்தபின் மெதுவாகச் சொன்னார். உச்சி வேளையில், ரோட்டில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், அந்தக் கிணற்றுக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதாம். சளார் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கிணற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"அந்தப் புள்ளதானுங்க," என்றார். "தெரியாம அதுக்கு ஊத்தற தண்ணிக்குக் கணக்குப் பாத்துட்டனுங்க."

நான் சிரித்து அனுப்பியிருக்கலாம். சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் பிளஸ் டூ படித்தபோது என் மகளோடு ஒரே பஸ்ஸில் போனவள்.

ஊரில் இப்படிப்பட்ட விஷயம் ஒருவரோடு நிற்காது. கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் போனிலேயே லோக்கல் செய்தி சேனல் நடத்திக்கொண்டிருந்தார். கோயில் திருவிழா, சாலைக் குழி, காணாமல் போன மாடு எல்லாம் போடுவார். தண்ணீர்ப் பிரச்சினையை அவர் படம் எடுத்துப் போட்டதால்தான் எங்களுக்கு இரண்டாவது லாரி கிடைத்தது, அதை மறுக்க முடியாது. அவர் வந்து பூட்டிய வீட்டையும் நீல டிரம்மையும் படம் பிடித்து, பின்னால் பயமுறுத்தும் இசை சேர்த்து, தாகம் தீராத ஆவி என்று தலைப்பு வைத்துவிட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து வேறு ஊர்களிலிருந்தெல்லாம் பைக்குகள் வந்தன. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று போட்டோ எடுத்தார்கள். அந்த வளைவில் குடம் வைத்திருந்த பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் போய்விட்டார்கள். பூட்டிய வீட்டு டிரம் மட்டும் தனியாக நின்றது. அப்போதும் அது காலியாகிக்கொண்டுதான் இருந்தது.

குழுவில் ஆளுக்கு ஆள் கேட்கத் தொடங்கினார்கள், மெம்பர் என்ன சொல்கிறீர்கள் என்று. போய்ப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

லாரி வந்துபோன மறுநாள் எருமைக்காரப் பெண்மணி வீட்டில் போய் உட்கார்ந்தேன். பங்குனி வெயில். கட்டுத்தறியில் எருமைகள் மூச்சு விடுவது கேட்டது. உச்சி நெருங்கியபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது, அல்லது என்னுடையதாக இருக்கலாம்.

சத்தம் கேட்டது. அவர் சொன்னது போலவேதான். சளார் என்று விழுந்து, பாறையில் பட்டு, கிணற்றின் உள்வட்டத்தில் சுற்றி மேலே ஏறி வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது சத்தத்துக்கும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது கேட்டபோது ஒரு இருமலும் சேர்ந்து கேட்டது. ஆம்பளை இருமல். எழுந்துவிட்டேன்.

வேலியில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகப் போனேன். கிணற்று மேட்டில் அந்தப் பெண்ணின் தகப்பன் பிளாஸ்டிக் பக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். சரிந்த கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று பக்கெட்டை மெல்லச் சாய்த்தார். அவசரமே இல்லை. முழுதும் விழுந்து முடிந்தபின் கொஞ்ச நேரம் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

என்னைப் பார்த்ததும் பதறவில்லை. "மெம்பருங்களா, வாங்க," என்றார், வீட்டுக்கு வந்தவர்களைக் கூப்பிடுவது போல.

தோட்டத்தில் நிழல் இருந்த ஒரே இடம் புளியமரத்தடி. அங்கே உட்கார்ந்தோம். வேலைக்கு லீவு கிடைக்கிற நாளில் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வருவதாகவும், உச்சி வேளையில் யாரும் வெளியே இருக்க மாட்டார்கள் என்பதால் அந்த நேரம் பார்த்து வருவதாகவும் சொன்னார். டிரம்மைக் கேட்டுக்கு வெளியே வைத்ததும் அவர்தான். வீடியோவைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. களத்தில் கூட வேலை செய்கிறவர்கள் காட்டினார்களாம். அது தன் வீடு என்று அவர்களிடம் சொல்லவில்லையாம்.

எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரே சொன்னார்.

"ஆம்புலன்ஸ்ல பூராத் தண்ணி தண்ணின்னுதான் கேட்டாளுங்க. வவுத்துல அடிபட்டிருக்குது, ஆபரேசன் பண்ண வேண்டி வரும், வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. அவிய சொன்னது சரிதானுங்க. எங்கிட்ட பாட்டல் இருந்துது. மூடியத் தெறந்துட்டனுங்க. அப்பறம் குடுக்கல."

கொஞ்ச நேரம் பக்கெட்டின் பிடியையே தடவிக்கொண்டிருந்தார்.

"குடுத்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாள்னு டாக்டர் சொன்னாருங்க. பொழைக்க மாட்டாள்னா குடுத்திருக்கலாமில்லீங்க."

ஊரில் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். அதையும் அவரே சொன்னார். தெரிகிறது, தப்புத்தான், நீங்கள் நிறுத்திவிடுங்கள், நான் பொள்ளாச்சியிலிருந்து கேனில் கொண்டுவந்துகொள்கிறேன் என்றார். பஸ்ஸில் கேனோடு இந்த மனிதர் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நிறுத்த மாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நிறுத்துகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

குழுவில் என்ன எழுதட்டும் என்று அவரிடமே கேட்டேன். யோசித்துவிட்டு, அப்பன் வந்துபோகிறான் என்று போட்டுவிடுங்கள் என்றார். அவளைப் பேய் என்று சொல்லாமல் இருந்தால் போதும் என்றார்.

அன்று மாலை அதைத்தான் எழுதினேன். அந்த வீட்டுக்கு வருவது பெண்ணின் தகப்பனார், யாரும் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம். எதைப் போட்டாலும் கட்டைவிரல் படம் போடுகிற குழுவில் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. சேனல்காரர் வீடியோவை நீக்கிவிட்டார். நீக்கியதாகச் சொல்லவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பைக்குகள் நின்றன. மேட்டுக்குப் போன குடங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. டிரைவர் என்னிடம் கேட்காமலே அந்த டிரம்மைப் பாதி வரை நிரப்பிவிட்டுப் போவார். யாரும் புகார் சொல்லவில்லை.

எருமைக்காரப் பெண்மணி மட்டும் உச்சி வேளையில் கதவைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைக்கத் தொடங்கினார். இனி என்ன பயம், யார் என்றுதான் தெரிந்துவிட்டதே என்று கேட்டேன்.

"பேயின்னு நெனச்சப்போ கேட்டுட்டு உக்காந்திருந்தனுங்க," என்றார். "இப்ப முடியல."

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கம் எப்போதாவதுதான் அப்படிப் பெய்யும். லாரியை நிறுத்தினார்கள். கிணறுகளில் ஊற்று எடுத்தது. தகப்பனார் ஒரு முறை வந்தார், என் வீட்டு வழியாகவே வந்தார். கூடப் போனேன். கிணற்றில் ஒரு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. கலங்கல் தெளிந்து வானம் தெரிந்தது. அவர் முகத்தில் ஏதாவது மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையால் எட்டாத தண்ணீரை எட்டிப் பார்த்தபடி நின்றார்.

"தண்ணி வந்துட்டா நின்னுரும்னு நெனச்சனுங்க," என்றார். "இன்னும் கேக்கறா."

பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அதன்பின் அவர் வரவில்லை. டிரம்மை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு புது எண்ணிலிருந்து எனக்கு போன் வந்தது. அவருடைய மனைவி. குரலே தெரியவில்லை, பெண்ணின் பெயரைச் சொல்லி அவள் அம்மா என்றபின்தான் புரிந்தது. அவர் லீவு நாளில் எங்கே போகிறார் என்று அத்தனை நாளும் அந்த அம்மாவுக்குத் தெரியாதாம். நான் எழுதியதை யாரோ உறவுக்காரர்கள் இப்போதுதான் படித்துக் காட்டினார்களாம். அங்கே வந்து என்ன செய்வார் என்று கேட்டார். மறைக்க எனக்குத் தோன்றவில்லை. கிணற்றைச் சொன்னேன். ஆம்புலன்ஸில் நடந்ததாக அவர் சொன்னதையும் சொன்னேன். மூடியைத் திறந்தார், பிறகு கொடுக்கவில்லை.



"அவரு குடுக்கத்தாம் போனாருங்க," என்றார். "நாந்தான் கையிலிருந்து புடுங்கி வெச்சேன். என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களா?"

"இல்லீங்கக்கா. உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

"ஊட்டுலயும் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க," என்றார். "சொல்லியிருக்கலாம்."